முதல் நிலை ஜோடி முதல் சுற்றிலேயே தோற்றால் மகளிர் இரட்டையர் ஆட்டம் குலுக்கலா?

கேள்வியில் மேலே தெரிவது ஒன்று. உள்ளே இருப்பவை மூன்று. டபிள்யூடிஏ (மகளிர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) நடத்தும் டென்னிஸ் தொடர் ஒன்றின் மகளிர் இரட்டையர் பிரிவை முதல் சுற்றிலிருந்து இறுதி வரை பார்த்திருக்கிறீர்கள். போட்டித் தரவரிசையில் (ஒரு தொடருக்குள் பலமான ஜோடிகளுக்குத் தரும் வரிசை எண், 'சீடிங்') முதலிடம் பெற்ற ஜோடி 6-3, 4-6, 10-8 என்று முதல் ஆட்டத்திலேயே வெளியேறிவிட்டது. கோப்பையை வென்றதோ, அந்த வாரத்துக்கு முன் சேர்ந்தே ஆடாத இருவர். "அப்படியென்றால் இது திறமையின் போட்டியா, குலுக்கல் சீட்டா?" என்று கேட்கிறீர்கள். இதைப் பிரித்தால், ஆட்ட முறையே அதிர்ஷ்டத்துக்குக் கதவு திறக்கிறதா, போட்டித் தரவரிசை ஒரு ஜோடியின் உண்மையான பலத்தைக் காட்டுகிறதா, சேர்ந்து ஆடிய பழக்கத்துக்கு என்ன மதிப்பு என்ற மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. பல ஆண்டுகள் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, இப்போது தொடர்களின் ரெஃப்ரி அலுவலகத்தில் வேலை செய்து வருகிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கு விதிப் புத்தகமும் கணக்கும் துணை இருப்பதால் உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவது பயிற்சியாளர்களின் நிலம்; அங்கே நான் சொல்வது அருகிலிருந்து பார்த்தவரின் கருத்து மட்டுமே.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் அதில் குலுக்கலின் சாயல் உண்டு. அது விதிகளைத் தெரிந்தே மாற்றியதால் வந்தது. ஓர் ஆண்டின் முடிவுகளை அடுக்கிப் பார்த்தால் அந்தச் சாயல் மறைந்து, அதே சில பெயர்கள் மேலே மிதக்கும்.

ஆட்ட முறையிலிருந்து தொடங்குகிறேன். டபிள்யூடிஏ சுற்றின் வழக்கமான தொடர்களில் இரட்டையர் ஆட்டத்துக்கு ஒற்றையர் ஆட்டத்திலிருந்து இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. ஒன்று, டியூஸுக்கு (40-40 சமநிலை) பிறகு அட்வான்டேஜ் (இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வேண்டும் என்ற முறை) கிடையாது. ஸ்கோர் 40-40 ஆனதும் ஒரே ஒரு புள்ளி. அதை வென்றவருக்கு கேம் (செட் என்னும் ஆட்டப் பகுதியின் ஓர் அலகு). இரண்டு, ஆளுக்கு ஒரு செட் வென்றிருந்தால் மூன்றாவது செட்டே கிடையாது. அதற்குப் பதிலாக 10 புள்ளிகளை முதலில் எட்டுபவர் வெல்லும் மேட்ச் டை-பிரேக் ஆடப்படும்; இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரிய வேண்டும், ஒற்றையர் ஆடுபவர்கள் களைப்புக்கு அஞ்சாமல் இரட்டையரிலும் பெயர் கொடுக்க வேண்டும் என்பவைதான் இந்த ஏற்பாட்டின் காரணங்கள். அட்டவணை போடுகிறவர் என்ற முறையில் எனக்கு இது பெரிய வசதி. அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் பலமான ஜோடிகள்.

எவ்வளவு விலை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு ஜோடி தன் சர்வீஸில் ஒவ்வொரு புள்ளியையும் 60 சதவீத வாய்ப்போடு வெல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்டேஜ் உள்ள பழைய முறையில் அந்த கேமை அவர்கள் தக்கவைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 74-ஐ ஒட்டி வரும். அட்வான்டேஜ் இல்லாத முறையில் அது 71 ஆகக் குறைகிறது. மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு செட்டில் பத்துப் பன்னிரண்டு கேம்கள் நடக்கின்றன, ஒவ்வொன்றிலும் இந்தச் சிறு கசிவு உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டியூஸில் இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை, பலமானவருக்குத் தன் பலத்தைக் காட்ட இன்னொரு வாய்ப்பு கொடுத்து வந்தது. அந்த வாய்ப்பு போய்விட்டது.

மேட்ச் டை-பிரேக்கில் இந்தக் கசிவு ஓட்டையாகவே மாறுகிறது. ஒரு ஜோடி எதிரியை விடச் சற்றே மேல் என்று கொள்வோம். ஆடும் நூறு புள்ளிகளில் 53-ஐ வெல்பவர்கள். முழு செட் ஆடினால் அவர்கள் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பத்துப் புள்ளி டை-பிரேக்கில் அது நூற்றுக்கு 60-ஐ ஒட்டி இறங்கிவிடும். பதினெட்டு, இருபது புள்ளிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால், வலையின் விளிம்பில் பட்டு உருண்ட ஒரு பந்தும் கோட்டுக்கு விரல் அகலம் வெளியே விழுந்த ஒரு லாபும் (எதிரியின் தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் பந்து) ஆட்டத்தையே எழுதிவிடலாம். நீங்கள் பார்த்த 10-8 அப்படிப்பட்டதுதான். தோற்ற ஜோடி அன்று மொத்தத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்திருக்கவும் கூடும். அப்படி முடிந்த ஆட்டங்களின் ஸ்கோர் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வென்றவர்களே கைகுலுக்கும்போது சற்றுக் கூச்சத்தோடு சிரிப்பார்கள்.

இதோடு அட்டவணையின் கூட்டு விளைவையும் சேர்க்க வேண்டும். டபிள்யூடிஏ 250 என்ற சிறிய நிலைத் தொடரில் இரட்டையர் பிரிவில் பொதுவாக 16 ஜோடிகள். அவர்களில் நான்கு ஜோடிகளுக்கு மட்டுமே போட்டித் தரவரிசை. மீதிப் பன்னிரண்டு ஜோடிகளும் குலுக்கலில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஆகவே ஐந்தாவது சிறந்த ஜோடி, முதல் நிலை ஜோடிக்கு எதிரே முதல் சுற்றிலேயே வந்து உட்காரலாம். இதில் யார் தவறும் இல்லை. 16 ஜோடி அட்டவணையின் இயல்பு அது. கோப்பைக்கு நான்கு வெற்றி தேவை. ஒவ்வோர் ஆட்டத்தையும் 70 சதவீத வாய்ப்போடு வெல்லும் அளவுக்கு ஒரு ஜோடி மிகப் பலமானது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நான்கையும் வெல்லும் வாய்ப்பு 24 சதவீதம்தான். அதாவது, அந்தப் பிரிவின் மறுக்க முடியாத முதல் ஜோடியே நான்கு வாரத்தில் மூன்று வாரம் கோப்பையில்லாமல் ஊர் திரும்புவது கணக்குப்படி எதிர்பார்க்க வேண்டியது. தலைப்புச் செய்தியில் இது 'அதிர்ச்சித் தோல்வி' ஆகிவிடுகிறது.

அடுத்து, போட்டித் தரவரிசை. பலரும் தவறாகப் படிக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஒரு ஜோடி தொடருக்குள் நுழைய இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எவ்வளவு சிறியதோ அவ்வளவு முன்னுரிமை. நுழையும்போது ஒரு வீராங்கனை தன் ஒற்றையர் தரவரிசை, இரட்டையர் தரவரிசை இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதைக் காட்டலாம். ஆனால் போட்டித் தரவரிசை கொடுக்கும்போது இரட்டையர் எண்ணை மட்டுமே பார்ப்பார்கள். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஒற்றையரில் 12-ம் இடத்திலும் 30-ம் இடத்திலும் இருக்கும் இருவர் சேர்ந்து பெயர் கொடுக்கிறார்கள். கூட்டுத்தொகை 42, எளிதாக உள்ளே வந்துவிடுவார்கள். இரட்டையரில் அவர்கள் 140, 200 என்று கிடந்தால் அந்தக் கூட்டுத்தொகை 340. போட்டித் தரவரிசை அருகிலும் வர மாட்டார்கள். பந்தை அவர்கள் அடிக்கும் வேகம் மட்டும் 12-ம், 30-ம் இடத்து வேகமாகவே இருக்கும். அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் எண் இல்லாததால் பார்ப்பவர்கள் அவர்களைச் சாதாரண ஜோடி என்று நினைத்துக்கொள்வார்கள். எதிரே ஆடப் போகிறவர்கள் அப்படி நினைப்பதில்லை.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த சான்று வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகள். 2012, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டத்தை அவர்கள் போட்டித் தரவரிசை இல்லாத ஜோடியாகவே வென்றார்கள். இரட்டையரில் அரிதாகவே ஆடியதால் அவர்களுக்குத் தரவரிசைப் புள்ளிகள் சேரவில்லை. போட்டித் தரவரிசை விதி அவர்களை எண் இல்லாமலே களத்துக்கு அனுப்பியது. அவர்கள் சேர்ந்து 14 முறை கிராண்ட் ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய தொடர்கள்) இறுதிக்கு வந்து 14 முறையும் வென்றவர்கள். ஒலிம்பிக்கில் 2000, 2008, 2012 என்று மூன்று தங்கம். அந்த ஜோடியிடம் முதல் சுற்றில் தோற்றவர்களை 'தரவரிசை இல்லாதவர்களிடம் தோற்றார்கள்' என்று எழுதுவது எவ்வளவு பொருத்தமற்றது என்று நீங்களே சொல்லுங்கள்.

புள்ளிகள் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இரட்டையர் தரவரிசைப் புள்ளிகள் ஜோடிக்குச் சேர்வதில்லை, ஆளுக்குச் சேர்கின்றன. ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு 2000 புள்ளி என்றால் இருவரும் ஆளுக்கு 2000 எடுத்துக்கொண்டு, மறுநாளே வேறு துணையைத் தேடிப் போகலாம். 52 வாரங்கள் அந்தப் புள்ளிகள் அவருடனேயே இருக்கும். ஆகவே சேர்ந்து ஓர் ஆட்டம்கூட ஆடாத இருவர் போட்டித் தரவரிசையோடு களமிறங்குவது விதிப்படி இயல்பானது. 2024 பிரெஞ்ச் ஓபனில் கோகோ காஃபும் கேத்தரினா சினியகோவாவும் அப்படித்தான் வந்தார்கள். காஃபின் வழக்கமான துணை ஜெசிகா பெகுலா காயத்தால் விலகியிருந்தார். புதிய ஜோடிக்குப் போட்டித் தரவரிசையில் 5-ம் இடம் கிடைத்தது. இறுதியில் சாரா எர்ரானி, ஜாஸ்மின் பாலினி ஜோடியை 7-6, 6-3 என்று வென்றார்கள். 'முன்பின் தெரியாத இருவர் அதிர்ஷ்டத்தால் வென்றார்கள்' என்று அதைப் படிக்க முடியாது. சினியகோவா அதற்கு முன்பே தன் நாட்டவரான பார்போரா கிரெஜ்சிகோவாவுடன் ஏழு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் டோக்கியோ ஒலிம்பிக் தங்கமும் வென்றிருந்தவர்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே வந்துவிட்டோம். அதே சினியகோவா, பிரெஞ்ச் ஓபன் முடிந்த சில வாரங்களில் டெய்லர் டவுன்சென்டுடன் சேர்ந்து விம்பிள்டனையும் வென்றார். (அதே விம்பிள்டனில் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அவருடைய பழைய துணை கிரெஜ்சிகோவா. பிரிந்த இருவரும் ஒரே வாரக் கடைசியில் தனித்தனிக் கோப்பையோடு நின்றது அந்த ஆண்டில் எனக்குப் பிடித்த செய்தி.) தைவானின் ஷீ சு-வேய் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2013 விம்பிள்டனும் 2014 பிரெஞ்ச் ஓபனும் பெங் ஷுவாயுடன். 2019, 2023 விம்பிள்டன் பார்போரா ஸ்ட்ரிகோவாவுடன். 2021 விம்பிள்டனும் 2024 ஆஸ்திரேலிய ஓபனும் எலிஸ் மெர்ட்டன்ஸுடன். 2023 பிரெஞ்ச் ஓபன் வாங் ஷின்யுவுடன். ஏழு பட்டங்கள், நான்கு துணைகள். துணை மாறியது; வலைக்கு அருகில் பந்தின் வேகத்தைக் கொன்று யாரும் இல்லாத இடத்தில் போடும் அந்தக் கை மாறவில்லை. இரட்டையர் ஆட்டத் திறமையில் பெரும்பகுதி தனி ஆளிடம் இருக்கிறது, ஜோடியிடம் இல்லை என்று நான் நினைப்பதற்கு இவர்கள்தான் காரணம்.

அந்தத் தனித்திறமை எதனால் ஆனது? வேகமான சர்வீஸ் இருந்தால் நல்லது. அது இல்லாமலும் பெரிய பட்டங்களை வென்றவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸைத் திருப்பும்போது வலையருகே நிற்கும் எதிரியின் கைக்கு எட்டாமல், தாழ்வாக, குறுக்கே அனுப்பத் தெரிய வேண்டும். இரட்டையர் களத்தின் அகலம் 10.97 மீட்டர்; ஒற்றையரை விடப் பக்கத்துக்கு 1.37 மீட்டர் கூடுதல். ஆனால் அதை இருவர் அடைத்து நிற்பதால், ஒற்றையரில் பாதுகாப்பான நடுக்களப் பந்து இங்கே தற்கொலை. அடுத்து, துணை அடிக்கும் பந்தைப் பார்க்காமலே அது எங்கே போகும் என்று தெரிந்து நகர வேண்டும். எதிரி பந்தை அடிக்கும் அந்த நொடியில் வலைக்குக் குறுக்கே பாய்ந்து வெட்டுவதா, பாய்வதுபோல் தோள் அசைத்துவிட்டு நிற்பதா என்ற முடிவு, சர்வீஸுக்கு முன் முதுகுக்குப் பின்னால் காட்டும் விரல் சைகையிலேயே எடுக்கப்பட்டிருக்கும். நடுவர் நாற்காலியிலிருந்து இரண்டு பக்கச் சைகைகளும் தெரியும். அந்த இருக்கையின் ரகசியச் சுகம் அது.

பழகிய ஜோடிக்குக் கிடைக்கும் நன்மை இங்கேதான் வருகிறது. பார்வையாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு விதி விளைவைச் சொல்கிறேன். இரட்டையரில் ஒரு செட்டுக்குள் சர்வீஸ் வரிசை மாறாது. நால்வரும் முறை வைத்துச் செய்வார்கள். பக்கம் மாறுவதோ முதல், மூன்றாம், ஐந்தாம் கேம்களுக்குப் பிறகு. இரண்டையும் சேர்த்துத் தாளில் வரைந்து பாருங்கள்: டை-பிரேக் வரும்வரை ஒவ்வொரு வீராங்கனையும் அந்த செட் முழுவதும் ஒரே முனையிலிருந்துதான் சர்வீஸ் செய்வார். ஒரு முனையில் வெயில் கண்ணைக் குத்துகிறது, இன்னொரு முனையில் காற்று எதிரே வருகிறது என்றால், யார் எந்த முனையை எடுப்பது என்பதை செட் தொடங்கும்போதே ஜோடி தீர்மானித்துவிட முடியும். பந்தை உயரே வீசாதவர் வெயில் முனையை எடுப்பார். இடதுகைக்காரர் துணையாக இருந்தால் வெயில் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும். சர்வீஸைத் திருப்ப யார் வலப்பக்கம், யார் இடப்பக்கம் என்பதும் அப்படியே: செட்டின் நடுவில் மாற்ற முடியாது, புதிய செட்டில் மாற்றலாம். மேட்ச் டை-பிரேக் தொடங்கும் முன்பும் மாற்றலாம் என்பதைப் பல புதிய ஜோடிகள் மறந்துவிடுகின்றன. பழைய ஜோடிகள் அந்த இரண்டு நிமிட இடைவெளியில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும்.

40-40 ஆனபின் வரும் அந்த ஒற்றைப் புள்ளியில் இன்னும் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தப் பக்கத்தில் சர்வீஸை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கும் ஜோடிக்கு. அவர்கள் இடம் மாறி நிற்க முடியாது. ஆகவே பக்கத்தைத் தேர்வதென்றால் ஆளைத் தேர்வது என்றே பொருள். அன்றைய நாளில் யார் நன்றாகத் திருப்புகிறாரோ அவரை முன்னிறுத்துவது அறிவான செயல். நடைமுறையில் புதிய ஜோடிகள் இங்கே மரியாதை பார்ப்பார்கள். 'நீங்கள் வாங்குங்கள்', 'இல்லை, நீங்களே' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவார்கள். பழகியவர்கள் பேசுவதே இல்லை. ஒருவர் நேராகப் போய் நின்றுவிடுவார்.

ஆனால் 'இணக்கம்' என்று வர்ணனையாளர்கள் சொல்லும் அந்தப் பொருளுக்கு எத்தனை புள்ளி மதிப்பு என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். அதை அளக்க முடியாததற்குக் காரணம் எளிது: வெல்கிற ஜோடிகள் சேர்ந்தே இருக்கின்றன, தோற்கிற ஜோடிகள் பிரிந்துவிடுகின்றன. நீண்ட நாள் சேர்ந்திருப்பதால் வெல்கிறார்களா, வெல்வதால் சேர்ந்திருக்கிறார்களா என்று முடிவுகளை மட்டும் பார்த்துப் பிரிக்க வழியில்லை. என் ஊகம், முதல் தொடரிலேயே நன்மையின் பெரும்பகுதி வந்துவிடுகிறது என்பது. மீதி மெதுவாகச் சேர்கிறது. சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் 2015 மார்ச்சில் சேர்ந்து ஆடத் தொடங்கி, இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று முதல் மூன்று தொடர்களையும் வரிசையாக வென்றார்கள். அந்த ஏப்ரலில்தான் சானியா இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். காப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் எரின் ரூட்லிஃபும் சேர்ந்து ஆடத் தொடங்கிய சில வாரங்களிலேயே 2023 யு.எஸ். ஓபனை வென்றார்கள். நீங்கள் பார்த்த அந்தப் புதிய ஜோடியின் கோப்பை இந்த வரிசையில் விசித்திரமானதே அல்ல.

குலுக்கல் என்ற வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் சானியா, ஹிங்கிஸிடமிருந்தே கிடைக்கிறது. 2015-ல் தொடங்கி 2016 பிப்ரவரி வரை அவர்கள் தொடர்ச்சியாக 41 ஆட்டங்களை வென்றார்கள். அவற்றில் பல, நான் மேலே குறை சொன்ன அதே முறையில், அட்வான்டேஜ் இல்லாமல், மூன்றாவது செட் இல்லாமல் ஆடப்பட்டவை. எதிரியை விடச் சற்றே மேலாக இருப்பவர்களால் இதைச் செய்ய முடியாது. 70 சதவீத வாய்ப்போடு 41 முறை வெல்வது, கணக்குப்படி இருபது லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. ஆகவே அந்த மாதங்களில் அவர்கள் மற்றவர்களை விட வெகு தூரம் மேலே இருந்தார்கள் என்பதுதான் பொருள். ஆட்ட முறை சிறு இடைவெளியை மூடிவிடும். பெரிய இடைவெளியை மூடாது. அதற்கும் முந்தைய காலத்தில், 1983 முதல் 1985 வரை, மார்ட்டினா நவ்ரதிலோவாவும் பாம் ஷ்ரைவரும் தொடர்ச்சியாக 109 ஆட்டங்களை வென்றார்கள். 1984-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் ஒரே ஆண்டில் எடுத்தார்கள். அன்று முழு மூன்று செட், அட்வான்டேஜ் உண்டு. இன்றைய முறையில் அவர்கள் எத்தனை வென்றிருப்பார்கள் என்று கேட்டால், குறைவாக என்பதற்கு மேல் யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

கிராண்ட் ஸ்லாமைத் தனியாகப் பார்க்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். அங்கே மகளிர் இரட்டையரில் 64 ஜோடிகள், மூன்றாவது செட்டும் முழுதாக உண்டு. அது 6-6 ஆனால் மட்டும் 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் 10 புள்ளி டை-பிரேக். ஆறு ஆட்டங்கள் வெல்ல வேண்டும் என்பதால் கோப்பை எளிதாகிவிடவில்லை; ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமானவருக்கு நியாயம் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவே. சினியகோவா, ஷீ போன்றவர்களின் பெயர்கள் அங்கே திரும்பத் திரும்ப வருவதற்கும் சிறு தொடர்களில் வாரம் ஒரு புதிய ஜோடி கோப்பை தூக்குவதற்கும் இந்த வேறுபாடு ஒரு காரணம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரிய பெயர்கள் சிறு தொடர்களுக்கு வருவதே குறைவு என்பதும் உண்டு.

கேள்வியின் ஓரத்தில் ஒரு குத்தல் இருந்தது: இரட்டையர் என்பது ஒற்றையரில் தோற்றவர்களின் பொழுதுபோக்குதானே என்று. பணத்தைப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றும். 2024 விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்டு. இரட்டையர் சாம்பியன்களுக்கு ஜோடிக்கு 6.5 லட்சம் பவுண்டு, அதாவது ஆளுக்கு 3.25 லட்சம். எட்டில் ஒரு பங்கு. சிறு தொடர்களில் தொகை இன்னும் மெலிந்துவிடும். பயிற்சியாளர், பயணம் எல்லாவற்றையும் அதிலிருந்தே கொடுத்துவிட்டு வாழ்பவர்கள் அதைப் பொழுதுபோக்காக ஆட முடியாது. ஒற்றையரிலும் பெயர் இருக்கிறவருக்கோ கணக்கு வேறு. காலையில் ஒற்றையர் காலிறுதி, மாலையில் இரட்டையர் என்று வந்தால் கால் வலிக்கும்போது எதை விடுவார் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரெஃப்ரி அலுவலகத்துக்கு அந்தச் செய்தி வரும் நேரத்தைக்கூடக் கணித்துவிடலாம்: ஒற்றையர் ஆட்டம் முடிந்து, பிசியோ அறைக்குப் போய்வந்த பிறகு. முதல் ஆட்டத்துக்கு முன் விலகினால் காத்திருப்புப் பட்டியலில் உள்ள மாற்று ஜோடி உள்ளே வரும். அதற்குப் பிறகு விலகினால் எதிரிக்கு வாக்-ஓவர். இப்படி ஒரு சுற்றை ஆடாமலே தாண்டியவர்கள் கோப்பை வரை போவதும் நடக்கும். அதை அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மாற்று ஜோடி காலையிலிருந்து ராக்கெட் பையோடு அலுவலக வாசலில் காத்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் பின்குறிப்பாகக் கேட்ட சிறு சந்தேகம். அந்த ஆட்டத்தின் முடிவு ஒரு தளத்தில் 6-3, 4-6, 10-8 என்றும் இன்னொன்றில் 6-3, 4-6, 1-0 என்றும் இருந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். இரண்டும் சரியே. மேட்ச் டை-பிரேக் ஒரு முழு செட்டுக்கு ஈடாக நடப்பதால், அதைக் கேம் கணக்கில் எழுதும் பதிவுகள் 1-0 என்று குறிக்கின்றன. புள்ளிக் கணக்கில் எழுதுபவை 10-8 என்று குறிக்கின்றன. அடுத்த தொடரின் அட்டவணை வெளியானதும் போட்டித் தரவரிசை எண்களோடு நிறுத்திக்கொள்ளாமல், எண் இல்லாத பன்னிரண்டு ஜோடிகளின் ஒற்றையர் தரவரிசையையும் ஒரு முறை பாருங்கள். முதல் நிலை ஜோடிக்கு எதிரே யார் விழுந்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.